காற்றைத் தின்னும் பிராணியும் பெட்டிக்குள் வளரும் பூச்சியும்

பச்சோந்தி என்ன தின்னும்? சின்னப் பிள்ளைகள் கேட்கிற கேள்வி மாதிரித்தான் இருக்கு. ஆனா இந்தக் கேள்விக்கு மனிதர்கள் காலத்துக்குக் காலம் சொன்ன பதில்களை வரிசையாக வைத்துப் பார்த்தால், காட்டில் இருந்த ஒரு பிராணி எப்படி விலைப்பட்டியலில் ஏறுது என்ற வரலாறு கிடைக்கும். அந்த வரலாற்றின் ஒரு கிளை எங்கட கண்டி மலைகளுக்குள்ளும் வந்து நிற்குது. கலைப்பீடத்தில் நாங்கள் படிக்கிற வரலாற்றில் மன்னர்கள் வருவார்கள், ஒப்பந்தங்கள் வரும், கோப்பியும் தேயிலையும் வரும். ஓணானின் வாய்க்குள் போகும் பூச்சிக்கும் ஒரு வரலாறு உண்டு என்பதை நாங்களாகத் தேடித்தான் வாசிக்க வேண்டியிருந்தது. வாசித்ததை இங்கே பகிர்கிறோம்.

முதல் பதில் ரோமாபுரியில் இருந்து வருது. கி.பி. முதலாம் நூற்றாண்டில் பிளினி என்ற ரோமானியர் எழுதிய 'இயற்கை வரலாறு' நூலில், பச்சோந்தி உண்பதும் இல்லை, குடிப்பதும் இல்லை, காற்றை மட்டுமே உணவாகக் கொண்டு வாழ்கிறது என்று இருக்கு. இதை ஐரோப்பா நூற்றாண்டுக் கணக்கில் நம்பியது. ஷேக்ஸ்பியரின் ஹாம்லெட் கூட இந்த நம்பிக்கையை வைத்து ஒரு பகிடி விடுவான். இன்றைக்கு எங்களுக்குச் சிரிப்பு வரும். ஆனா பச்சோந்தியைப் பார்த்தவர்களுக்கு அந்த நம்பிக்கை எப்படி வந்தது என்று விளங்கும். மணிக்கணக்காக ஒரே கிளையில் அசையாமல் இருக்கும். இரை பிடிக்கிற நேரம் நாக்கு வெளியே போய் உள்ளே வருவது கண் இமைக்கும் நேரத்துக்குள் முடிந்துவிடும். பார்க்கத் தவறினால், வாயைத் திறந்து மூடியது மட்டும்தான் தெரியும்.

1660களின் கடைசியில் எகிப்திலிருந்து ஒரு பச்சோந்தி உயிரோடு பாரிஸ் நகருக்கு வந்தது. கிளோத் பெரோ என்ற மருத்துவரும் அவருடைய கூட்டாளிகளும் அதைக் கவனித்து, செத்த பிறகு அறுத்தும் பார்த்தார்கள். 1669இல் அவர்கள் வெளியிட்ட உடற்கூற்று விவரணம், பச்சோந்தி ஈ பூச்சிகளைத் தின்னும் பிராணி என்று காட்டி, காற்றுக் கதையை மறுத்தது. விஞ்ஞானத்துக்கு அது வெற்றி. ஆனா அதோடு ஒரு புதுத் தலையிடியும் பிறந்தது. காற்றைத் தின்னும் பிராணியைக் கூண்டில் வைப்பது லேசு. பூச்சி தின்னும் பிராணியைக் கூண்டில் வைத்தால், நாளாந்தம் உயிருள்ள பூச்சி வேண்டும். அதுவும் மாரியிலும் கோடையிலும், மழையிலும் பனியிலும். அந்தப் பூச்சி எங்கே இருந்து வரும்?

இரண்டு பானைகள்

இதுக்குப் பதில் கண்டுபிடித்தவர்கள் பச்சோந்தி வளர்த்தவர்கள் இல்லை. கூண்டுப் பறவை வளர்த்தவர்கள். ஐரோப்பாவில் நைட்டிங்கேல் மாதிரியான பாடும் பறவைகளை வீட்டில் வைத்திருந்தவர்கள் மாப்புழு வளர்த்தார்கள். மாவிலும் தவிட்டிலும் வரும் ஒரு கறுப்பு வண்டின் குடம்பிதான் மாப்புழு. ஒரு பானையில் தவிடு, கொஞ்சம் பழைய துணி, நாலைந்து வண்டு. சில மாதத்தில் பானை நிறையப் புழு. 18ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே ஜேர்மன் மொழியில் கூண்டுப் பறவை வளர்ப்புக்கென்று கைநூல்கள் வந்துவிட்டன. இரைப்பூச்சியை வீட்டில் பெருக்குவது அப்போதே ஒரு கலையாகிவிட்டது.

எங்கட பக்கத்திலும் ஒரு பானை இருந்தது. தமிழ்நாட்டுக் கிராமங்களில் நாட்டுக்கோழி வளர்த்தவர்களைக் கேட்டால் சொல்லுவார்கள். பழைய மண்பானை ஒன்றுக்குள் கிழிந்த சாக்கு, காய்ந்த சாணம், ஓலை, வைக்கோல் எல்லாவற்றையும் திணித்து, தண்ணீர் தெளித்து, கறையான் நடமாடும் நிலத்தில் பின்னேரம் கவிழ்த்து வைப்பார்கள். விடிய எடுத்துப் பார்த்தால் பானை முழுக்கக் கறையான் மொய்க்கும். அப்படியே தட்டிவிட்டால் குஞ்சுகள் ஓடி வந்து கொத்தும். முட்டையில் இருந்து வந்த சில நாள் குஞ்சுக்குக் கறையானை விட நல்ல புரதம் கிராமத்தில் வேற என்ன கிடைக்கும்? எங்கட ஊர்களிலும் புற்று மண்ணைக் கொத்திக் கொண்டுவந்து கோழிக்குப் போடுகிற பழக்கம் உண்டு.

இந்த இரண்டு பானைக்கும் நடுவில் ஒரு வித்தியாசம் இருக்கு. ஜேர்மன் பானைக்குள் பூச்சி பெருகும். வெளி உலகம் தேவையில்லை. தமிழ்ப் பானைக்குள் பூச்சி வந்து போகும். அதுக்கு நிலம் உயிரோடு இருக்க வேண்டும், கறையான் இருக்க வேண்டும். முதலாவது பானையைத் தூக்கிக்கொண்டு எந்த ஊருக்கும் போகலாம். இரண்டாவதை அந்த மண்ணை விட்டு எடுக்க ஏலாது. இதைக் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்க. கண்டிக்கு வரும்போது தேவைப்படும்.

வீட்டில் இரைப்பூச்சி வளர்த்த அனுபவம் கண்டிப் பிள்ளைகளுக்கும் இல்லாமல் இல்லை. மீன்தொட்டி வைத்திருந்த யாரையும் கேளுங்க. கப்பி மீனுக்கும் ஃபைட்டர் மீனுக்கும் பழைய வாளித் தண்ணியில் நெளியும் நுளம்புக் குடம்பியை விட நல்ல சாப்பாடு இல்லை. ஆனா 2007ஆம் ஆண்டின் 11ஆம் இலக்க நுளம்புப் பெருக்கத் தடைச் சட்டம் வந்த பிறகு அந்த வாளி ஒரு குற்றம். டெங்கு வரும் ஊரில் அது நியாயமான சட்டம்தான். ஆனாலும் யோசித்துப் பார்த்தால் வேடிக்கையாக இருக்கு. ஒரே புழு, மீனுக்குச் சாப்பாடு, பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்குச் சாட்சிப் பொருள்.

பானையில் இருந்து தொழிற்சாலைக்கு

இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அமெரிக்காவின் தென்பகுதியில் சுவர்க்கோழி வளர்ப்பு ஒரு வியாபாரமாகிறது. இரவில் வீட்டு மூலையில் இருந்து கிரீச் கிரீச் என்று கத்துமே, அந்தப் பூச்சிதான். முதலில் தூண்டிலுக்கு இரையாக விற்றார்கள். பிறகு ஊர்வன வளர்ப்பு பொழுதுபோக்காகப் பரவியபோது அதே சுவர்க்கோழி பல்லி, தவளை, பச்சோந்தி எல்லாத்துக்கும் அன்றாடச் சாப்பாடாகிவிட்டது. கணக்கு லேசானது. 30 பாகை செல்சியஸ் அளவு சூடு, முட்டையிட ஈரமண், ஒளிந்துகொள்ள முட்டை அட்டை, தின்னக் கொஞ்சம் தவிடும் மரக்கறியும். முட்டை இரண்டு கிழமைக்குள் பொரிக்கும். ஆறு முதல் எட்டுக் கிழமையில் வளர்ந்த பூச்சி. ஒரு பிளாஸ்டிக் பெட்டி ஓரிரு பிராணியை ஆண்டு முழுக்கக் காப்பாற்றும்.

ஆனா பெட்டிக்குள் வளர்ந்த பூச்சி காட்டுப் பூச்சி மாதிரி இல்லை என்பது கொஞ்சம் பிந்தித்தான் விளங்கியது. காட்டில் ஒரு பச்சோந்தி ஈ, வண்ணத்துப்பூச்சி, வண்டு, தத்துவெட்டி, சிலந்தி என்று கிடைத்ததையெல்லாம் தின்னும். அந்தப் பூச்சி ஒவ்வொன்றும் வேற வேற இலையையும் பூவையும் தின்றிருக்கும். பெட்டிக்குள் ஒரே பூச்சி, ஒரே தவிடு. சுவர்க்கோழியின் உடம்பில் கல்சியத்தை விட பொஸ்பரஸ் பல மடங்கு அதிகம். அதை மட்டும் தின்ற பச்சோந்திகளுக்கு எலும்பு மெலிந்து வளைந்தது, தாடை ரப்பர் மாதிரி ஆனது. அதால்தான் இன்றைக்கு வளர்ப்பவர்கள் பூச்சிக்கு முதலில் நல்ல கீரை, மரக்கறி கொடுத்து, பிறகு கல்சியத் தூளில் புரட்டி, அதுக்குப் பிறகுதான் பிராணிக்குப் போடுகிறார்கள். மேலே கழியூதாக் கதிர் விளக்கும் எரிய வேண்டும். காட்டில் சும்மா கிடைக்கிற ஒன்றைப் பெட்டிக்குள் செய்ய எத்தனை சாமான்!

ஒரே பூச்சியை நம்பியதற்கு இன்னொரு விலையும் இருந்தது. 1977இல் சுவிற்சர்லாந்தின் சுவர்க்கோழிப் பண்ணை ஒன்றில் ஒரு வைரஸ் கண்டுபிடிக்கப்பட்டது. பண்ணை முழுக்கப் பூச்சியை முடமாக்கிக் கொல்லும் வைரஸ் அது. ஐரோப்பாவில் இருந்த அது 2009, 2010 காலத்தில் வட அமெரிக்கப் பண்ணைகளையும் தாக்கி, பல பண்ணைகளைக் கவிழ்த்தது. ஒற்றைப் பயிர் எப்படி ஒரே நோயில் விழும் என்று மலையகத்தில் யாருக்கும் சொல்லித்தரத் தேவையில்லை. 1869இல் கோப்பி இலையில் காணப்பட்ட துருநோய், இருபது வருசத்துக்குள் ஒரு முழுப் பொருளாதாரத்தையே படுக்க வைத்த நாடு இது.

எப்படியோ, பெட்டி வெற்றி பெற்றது. இரை கைவசம் இருந்ததால், முன்னர் மிருகக்காட்சிச்சாலைகளுக்கே கஷ்டமாக இருந்த பிராணிகளைச் சாதாரண ஆட்கள் படுக்கையறையில் வளர்க்கத் தொடங்கினார்கள். சிலது தப்பிப் போய் ஊர் பிடித்தன. 1972இல் கென்யாவில் இருந்து ஹவாய்க்கு வந்த மூன்று கொம்புப் பச்சோந்திகள், களைப்பு ஆறட்டும் என்று தோட்டத்தில் விடப்பட்டு, இன்றைக்கு அந்தத் தீவுகளில் ஆக்கிரமிப்பு இனம். யேமன் பக்கத்துப் பச்சோந்தி புளோரிடாவில் காட்டோடு காடாகக் கலந்துவிட்டது. வேலியில போற ஓணானை எடுத்து மடியில விட்ட கதை என்று எங்கட ஆட்கள் சொல்வது சும்மா இல்லை.

கண்டியில் பச்சோந்தி இருக்கா?

நேராகச் சொன்னால், இல்லை. தென்னாசியாவுக்குரிய ஒரே பச்சோந்தி இனம் இலங்கையில் புத்தளம் போன்ற உலர்வலயப் பகுதிகளில்தான் வாழுது. கண்டியில் நாங்கள் வேலியில் பார்த்து 'அந்தா பச்சோந்தி' என்று கத்துவது பெரும்பாலும் பச்சை ஓணான். அதுவும் நிறம் மாறும், ஆத்திரம் வந்தால் தலை சிவக்கும், அதால் பெயர் ஒட்டிக்கொண்டது.

ஆனா பச்சோந்தியின் இடத்தை நிரப்ப இந்த மலைகளுக்கு வேற ஆட்கள் இருக்கிறார்கள். மகாவலிக்கு அந்தப் பக்கம் கன்னொறுவைக் காட்டிலும், நகரத்துக்குள்ளேயே உடவத்தகெலே வனத்திலும் மூக்கில் உருண்டை போல ஒரு மொழி உள்ள ஓணான் வாழுது. பச்சை உடம்பு, பக்கவாட்டில் தட்டை, ஆமை வேகம், கிளையில் அசையாமல் உறைந்து நிற்கும். சிங்களத்தில் அதன் பெயர் கரமல் போதிலியா. உண்மையான பச்சோந்தியை போதிலிமா என்பார்கள். பெயர் வைத்தவர்களும் இரண்டையும் சொந்தக்காரராகத்தான் பார்த்திருக்கிறார்கள். உலகத்தில் அதன் பேரினத்தில் அது ஒன்றுதான், இருப்பதும் இலங்கையில் மட்டும்தான். 1758இலேயே லின்னேயஸ் அதற்கு இலத்தீன் பெயர் வைத்துவிட்டார். பூச்சியும் தின்னும்; ஆனா ஈரக் காட்டுத் தரையில் மண்புழுவை இழுத்துத் தின்பதுதான் அதற்கு மிகவும் பிடிக்கும்.

வடகிழக்கே தும்பறை மலைகள், நக்கிள்ஸ் என்றால் எல்லாருக்கும் தெரியும். அங்கே மூக்கு நுனியில் சதைப்பற்றான இலை போல ஒரு கொம்பு உள்ள ஓணான் இருக்கு. 1861இல் குந்தர் என்ற விலங்கியலாளர் அதற்கு இலங்கையில் குடியேற்றச் செயலாளராக இருந்த எமர்சன் டெனன்டின் பெயரை வைத்தார். அதே மலையில் மட்டும் வாழும், முட்டையிடாமல் குட்டி போடும் குட்டி ஓணான் ஒன்றும் உண்டு. அது தனி இனம் என்று விஞ்ஞானம் எழுதியது 2006இல்தான். அதாவது இந்தக் கட்டுரையை வாசிக்கிற உங்களில் சிலரை விட அந்தப் பெயருக்கு வயது குறைவு.

இந்த ஆண்டுகளைக் கோப்பி வரலாற்றோடு சேர்த்துப் பாருங்க. டெனன்ட் இங்கே பதவியில் இருந்தது 1845 முதல் 1850 வரை. கண்டியைச் சுற்றிய காடுகள் கோப்பிக்காக எரிந்த காலம் அது. தமிழ்நாட்டில் இருந்து எங்கட மூதாதையர் மன்னார் கரையில் இறங்கி, காட்டு வழியே மாத்தளைக்கு நடந்து வந்து, அந்தக் காட்டை வெட்டின காலமும் அதுதான். வெட்டின மரத்தில் இருந்த ஓணான் சாராயப் போத்தலில் இலண்டன் போய்ப் பெயர் வாங்கியது. மரத்தை வெட்டினவருக்கு அந்த ஓணானை முன்னமே தெரிந்திருக்கும். அவர் என்ன பெயர் சொல்லிக் கூப்பிட்டார் என்று எந்தப் பதிவேடும் கேட்கவில்லை.

குறுந்தொகைக் காலத்திலேயே வழிப்போக்கர்கள் ஓந்தியைப் பார்த்து நிமித்தம் பார்த்திருக்கிறார்கள். தமிழில் ஓணான் எப்போதும் வழியில் எதிர்ப்படுகிற பிராணி, வேலிக்குச் சாட்சி சொல்லும் பிராணி. அதை வீட்டுக்குள் வைத்துச் சோறு போட்ட கதை எங்களுக்கு இல்லை.

பெட்டி எங்கட மலையைத் தேடி வந்தது

ஐரோப்பாவில் அந்தக் கதை இருந்தது. ஜேர்மனியின் ஹாம் நகரத்தில் ஆண்டுக்கு நாலு தரம் ஊர்வனச் சந்தை நடக்கும். உலகத்தின் மிகப் பெரிய சந்தைகளில் ஒன்று. கடந்த பத்துப் பதினைந்து வருசத்தில் வனசீவராசி வர்த்தகத்தைக் கண்காணிக்கும் அமைப்புகள், இலங்கைக்கு மட்டுமே உரிய ஓணான்கள் ஐரோப்பியச் சந்தைகளில் விற்கப்படுவதைப் பதிவு செய்து அறிக்கை அறிக்கையாக வெளியிட்டன. மூக்கில் கொம்புள்ளதும் இருந்தது, குட்டி போடுகிறதும் இருந்தது, கன்னொறுவையில் இருக்கும் உருண்டை மூக்கனும் இருந்தது.

இலங்கையின் விலங்கினங்கள், தாவரங்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் 1937இல் இருந்து இருக்கு. இந்த ஓணான்களை வியாபாரத்துக்காக வெளியே அனுப்ப நாடு அனுமதி கொடுத்ததில்லை. அப்போ முதல் சோடி எப்படிப் போனது? பயணப் பொதிக்குள், துணிப்பைக்குள். போன பிறகு அங்கே யாரும் கேள்வி கேட்க ஏலாது. ஏனென்றால் இலங்கை 1979இல் சைட்டிஸ் எனப்படும் சர்வதேச வர்த்தக உடன்படிக்கையில் சேர்ந்திருந்தாலும், இந்த ஓணான்கள் அதன் பட்டியலில் இல்லை. இலங்கையில் பிடிப்பது குற்றம். ஜேர்மனியில் விற்பது குற்றம் இல்லை. நடுவில் ஒரு விமானப் பயணம்.

கேட்டால் ஒரு பதில் தயாராக இருக்கும்: 'இது காட்டில் பிடித்தது இல்லை, எங்கட வீட்டில் பிறந்தது.' இந்தப் பதிலைச் சாத்தியமாக்கியது எது? சுவர்க்கோழிப் பெட்டிதான். இரையை உற்பத்தி செய்ய முடியாத காலத்தில் இப்படி ஒரு பதிலை யாரும் நம்பியிருக்க மாட்டார்கள். குளிரூட்டி, நீர்த்தூவி, கல்சியத் தூள், ஆண்டு முழுக்கப் பூச்சி எல்லாம் கைவசம் வந்த பிறகு, அது நம்பக்கூடிய பதிலாகிவிட்டது. சில இடத்தில் உண்மையாகவே குட்டிகளும் பிறந்தன. திறமைதான், மறுக்கவில்லை. ஆனா திருடின பசுவின் கன்று யாருக்குச் சொந்தம் என்ற கேள்வியைக் கன்று நல்லா வளருது என்று சொல்லி முடிக்க ஏலாது. அதோட வீட்டில் பிறந்தது எது, போன மாதம் நக்கிள்ஸில் இருந்து வந்தது எது என்று பார்த்துச் சொல்லவும் வழியில்லை. ஒன்றின் பத்திரத்தில் மற்றது போகும்.

இந்த ஓட்டையை அடைக்க இலங்கை முன்வைத்த யோசனைகள் 2019இல் சைட்டிஸின் 18ஆவது மாநாட்டுக்குப் போயின. அந்த மாநாடு மே மாதம் கொழும்பிலேயே நடக்க இருந்தது. உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புகள் நடந்ததால் ஆகஸ்டில் ஜெனீவாவுக்கு மாறியது. நாடே இடிந்து போயிருந்த மாதங்களில் எங்கட அதிகாரிகளும் ஆய்வாளர்களும் ஓணானுக்காக வாதாடினார்கள் என்பதை எங்கட தலைமுறை தெரிந்து வைத்திருக்க வேண்டும். தும்பறையின் இலைமூக்கு ஓணான், அங்கே குட்டி போடும் ஓணான் ஆகியவை முதலாம் பட்டியலில் சேர்ந்தன. சர்வதேச வியாபாரமே தடை. உருண்டை மூக்கன் இரண்டாம் பட்டியலில், காட்டில் பிடித்ததை வியாபாரத்துக்கு ஏற்றுமதி செய்யும் அளவு பூச்சியம் என்ற நிபந்தனையோடு.

ஓணானோடு நிற்கவில்லை. 2024இல் யால பூங்காவில் நூற்றுக்கணக்கான பூச்சிகளைப் போத்தலில் அடைத்து வைத்திருந்த இத்தாலியர் இருவருக்கு 60 மில்லியன் ரூபா தண்டம் விதிக்கப்பட்டது. இரையும் இப்போ சரக்குத்தான்.

தலவாக்கலையில் வளர்த்த குளவி

வெளிநாட்டான் திருடினான் என்று சொல்லி இங்கேயே முடிப்பது சுகம். ஆனா ஓணானை எடுப்பது ஒரு வழி, ஓணானின் சாப்பாட்டை எடுப்பது இன்னொரு வழி. இரண்டாவது எங்கட மலையிலேயே நடந்தது. அதுக்கும் பூச்சி வளர்ப்பு வரலாற்றுக்கும் தொடர்பு இருக்கு.

தேயிலையில் இரண்டு இலையை நூலால் ஒட்டி உள்ளே இருந்து தின்னும் ஒரு புழு உண்டு. இலைசுருட்டிப் புழு. 1930களுக்கு முன்னர் அதுக்கு இருந்த முக்கிய வைத்தியம், அதன் முட்டைக் கூட்டங்களை இலை இலையாகத் தேடிக் கையால் பொறுக்குவது. பொறுக்கியது யார் என்று சொல்லவும் வேணுமா? கொழுந்து பறித்த அதே ஆட்கள்தான்.

1935, 1936 அளவில் தலவாக்கலை சென்கூம்ஸில் இருந்த தேயிலை ஆராய்ச்சி நிலையம் ஜாவாவில் இருந்து ஒரு சின்னக் குளவியைக் கொண்டுவந்தது. அது இலைசுருட்டிப் புழுவின் உடம்புக்குள் முட்டையிடும். குடம்பிகள் புழுவை உள்ளிருந்து தின்று வெளியே வரும். குளவியைப் பெருக்க வேண்டுமென்றால் புழுவும் வேண்டும், புழுவுக்கு இலையும் வேண்டும். பச்சோந்திக்குச் சுவர்க்கோழி வளர்ப்பவர் செய்யும் அதே வேலைதான், நோக்கம் மட்டும் வேற. குளவியைப் பெட்டிக்குள் வைத்திருக்க அவர்கள் வளர்க்கவில்லை, திறந்து விட வளர்த்தார்கள். அது மலை முழுக்கப் பரவியது. சில வருசத்துக்குள் இலைசுருட்டி ஒரு சின்னத் தொல்லையாகச் சுருங்கியது. பீடைநாசினி இல்லாமல் பூச்சியைக் கொண்டு பூச்சியை அடக்கியதற்கு உலகம் இன்றும் காட்டும் நல்ல உதாரணங்களில் இது ஒன்று. ஆய்வு எழுதிய சி. எச். காட்டின் பெயர் புத்தகங்களில் இருக்கு. முட்டை பொறுக்கின ஒருவரின் பெயரும் இல்லை.

பிறகு நடந்ததுதான் பாடம். தேயிலைக் கொம்பைத் துளைக்கும் வண்டு ஒன்று உண்டு. விசயம் என்னவென்றால் அந்த வண்டே ஒரு விவசாயி. துளைத்த குகைக்குள் பூஞ்சணம் வளர்த்து, அதைத்தான் தன் குஞ்சுகளுக்குத் தீனியாகக் கொடுக்கும். இரை வளர்ப்பை மனிதன் கண்டுபிடிக்கவில்லை போல! அந்த வண்டைக் கொல்ல இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு டீல்ட்ரின் என்ற கடும் நஞ்சைத் தெளித்தார்கள். வண்டோடு சேர்ந்து குளவியும் செத்தது. குளவி போனதும், மறந்து போயிருந்த இலைசுருட்டி திரும்பப் பெருகியது. ஒரு பிரச்சினையைத் தீர்க்கப் போய், இருபது வருசத்துக்கு முன் தீர்த்த பிரச்சினையை உயிர்ப்பித்தார்கள். இதை ஆராய்ச்சியாளர்களே ஆராய்ந்து எழுதி வைத்திருக்கிறார்கள்.

டீல்ட்ரின் மாதிரியான நஞ்சு குளவியோடும் நிற்காது. மண்ணில் வருசக்கணக்காகத் தங்கும், பூச்சிக்குள் போகும், பூச்சியைத் தின்பவருக்குள் போகும். முதுகில் டாங்கியைக் கட்டிக்கொண்டு தெளித்த தொழிலாளியின் மூச்சுக்குள்ளும் போகும். ஓணானின் சாப்பாடும் எங்கட ஆட்களின் நெஞ்சும் ஒரே தெளிப்பில் அடிபடும்.

எங்கட பானை எது?

இப்போ அந்த இரண்டு பானையை ஞாபகப்படுத்துவோம். எங்கும் தூக்கிப் போகக்கூடிய பானை, மண்ணோடு ஒட்டிய பானை. ஓணானை விலைப்பொருளாக்கியது முதலாவது. இந்த மலையில் ஓணான் இன்னும் இருக்கக் காரணம் இரண்டாவது: ஈரக் காடும், அதன் மண்புழுவும், பெயர் தெரியாத ஆயிரம் பூச்சியும். நக்கிள்ஸ் உட்பட மத்திய மலைநாடு 2010இல் யுனெஸ்கோவின் உலக மரபுரிமையானது. அந்த மரபுரிமையின் பெரும்பகுதி இலைக்கு அடியிலும் மண்ணுக்கு உள்ளேயும் ஊர்ந்துகொண்டிருக்கு.

ரீல்ஸில் நிறம் மாறும் பச்சோந்தியைப் பார்த்துவிட்டு 'வீட்டில் ஒன்று வளர்க்கலாமா' என்று கேட்கும் நண்பர்கள் எங்களுக்கும் இருக்கிறார்கள். எங்கட பதில் இதுதான். இங்கே காட்டில் இருக்கும் பச்சோந்தியையோ கொம்பு ஓணானையோ பிடித்து வைப்பது சட்டவிரோதம். வெளிநாட்டு இனத்தைக் கள்ளமாகக் கொண்டுவந்து வைத்தால், ஹவாயில் நடந்தது கண்டியில் நடக்க ஒரு திறந்த கூடை போதும். ஆனா இரைப்பூச்சி வளர்க்கும் கலையை ஏன் விட வேண்டும்? 2022 நெருக்கடியில் கோழித்தீனி விலை ஏறினதை மறந்திருக்க மாட்டீங்க. குசினிக் கழிவில் தானாக வந்து பெருகும் கறுப்பு ஈயின் குடம்பி கோழிக்கு நல்ல தீனி. கல்சியமும் அதில் அதிகம். மாப்புழுவும் தவிட்டுப் பெட்டியில் வளரும். மீனுக்கும் கோழிக்கும் வளருங்க. ஓணானுக்கு வளர்க்கத் தேவையில்லை. வீட்டு வேலியில் நஞ்சு அடிக்காமல் விட்டால் அதுவே தேடித் தின்னும்.

இன்னொரு வேலையும் இருக்கு, அது கலைப்பீடத்துப் பிள்ளைகளான எங்களுக்குரியது. இந்தக் கட்டுரையில் இலைமூக்கு ஓணான், உருண்டை மூக்கன் என்றெல்லாம் நாங்கள் விளக்கமாக எழுத வேண்டி வந்தது. இலத்தீனில் பெயர் இருக்கு, சிங்களத்தில் பெயர் இருக்கு. இருநூறு வருசமாக இந்தக் காட்டின் ஓரத்தில் வேலை செய்த தமிழ் ஆட்களிடமும் பெயர் இருந்திருக்கும். இரங்கலை, தெல்தோட்டை, மடுல்கலைத் தோட்டங்களில் இன்னும் இருக்கும் பெரியவர்களிடம் போய், படத்தைக் காட்டி, 'தாத்தா, இதை நீங்க என்ன சொல்லிக் கூப்பிடுவீங்க? அது என்ன தின்னும்?' என்று கேட்டு எழுதப் போகிறோம். உங்கட வீட்டிலும் ஒரு தாத்தாவோ அம்மாயியோ இருந்தால் கேட்டுப் பாருங்க. கேட்டதை எங்களுக்கும் அனுப்புங்க.